விமான நிலையத்தில் யாரைக் கேட்பது?

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. புதுச்சத்திரத்திலிருந்து அவர் தனியாகப் போய்வரும் ஊர்கள் இரண்டுதான்: ஒரு பக்கம் ராசிபுரம், இன்னொரு பக்கம் நாமக்கல். பேத்தியின் பிரசவத்துக்காக வெளிமாநிலம் போக வேண்டிவந்தபோது, ‘ரயிலில் இரண்டு நாள் உட்கார முடியாது’ என்று அவரை முதன்முதலாக விமானத்தில் அழைத்துப் போனேன். எந்த நிலையம், எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது.

ராத்திரி சமைத்த கட்டுச்சோற்றோடு, விடிவதற்கு வெகு முன்பே வாடகைக் காரில் கிளம்பினோம். பேத்திக்கென்று ராசிபுரத்தில் வாங்கிய அரை கிலோ நெய், கைப்பையில் போகாது என்று எக்ஸ்ரே மேடைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பெரிய பெட்டி அதற்குள் உள்ளே போய்விட்டது. நெய்யை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். காலை 7.40-க்குக் கிளம்ப வேண்டிய விமானத்துக்கு 8.15 வரைக்கும் திரையில் ‘ஆன் டைம்’ என்றே எழுதியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே விமானமே இல்லை. கவுன்டரில் இருந்த பெண் எழுந்து போயிருந்தார். துப்பாக்கி வைத்திருந்த காவலரிடம் கேட்டேன். ஏர்லைன்காரர்களைக் கேட்கச் சொன்னார். டீ விற்ற பையன்தான் தன் கைபேசியைப் பார்த்து, “அது இன்னும் அந்த ஊர்லயே கெளம்பலீங்க” என்றான்.

அத்தை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங் கண்ணு, பஸ் ஸ்டேண்டுல வண்டி வரலீன்னா டைம் கீப்பர்கிட்டப் போய்க் கேக்கறோம். இங்க யாருகிட்டக் கேக்கறது?”

விமான நிலைய நிர்வாகம் என்ற பெரிய துறை முழுவதையும் அந்தக் கேள்விக்குள் அடக்கிவிடலாம். நம் நாட்டு விமான நிலையங்களில் பளிங்குத் தரை இருக்கிறது, முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் ‘டிஜியாத்ரா’ இருக்கிறது. அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்லும் ஆள் மட்டும் இல்லை.

ஒரே கூரை, பல கைகள்

பஸ் நிலையத்தைவிட விமான நிலையத்தில் ஆட்கள் அதிகம். ஆனால் ஆளுக்கொரு எஜமானர். ஓடுபாதையும் கட்டடமும் பெரும்பாலான ஊர்களில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில். விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் அவர்களுடையது. பெரிய நிலையங்களில் வாசலிலும் சோதனையிலும் நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. எதை அனுமதிக்கலாம், எதைக் கூடாது என்று விதி வகுப்பது வேறோர் அமைப்பு. டிக்கெட், கவுன்டர், பெட்டி எல்லாம் விமான நிறுவனத்தின் பொறுப்பு; அதிலும் பெட்டியைத் தூக்கிப் போடுவது பல இடங்களில் ஒப்பந்தக்காரர். பனிமூட்டம் பற்றிச் சொல்வது வானிலைத் துறை. டீக்கடை ஏலம் எடுத்தவருடையது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் விதிப் புத்தகத்தோடு டி.ஜி.சி.ஏ.

இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்து முடித்திருக்கலாம். ஆனாலும் பயணிக்கு நான்கு மணி நேரம் பாழாகியிருக்கும். ஏனென்றால் அந்த நான்கு மணி நேரம் யாருடைய பதிவேட்டிலும் முழுசாக ஏறுவதில்லை. வாசலில் நின்றது ஒருவர் கணக்கு, கவுன்டரில் நின்றது இன்னொருவர் கணக்கு, விமானத்துக்குக் காத்திருந்தது மூன்றாமவர் கணக்கு. மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர் பயணி ஒருவர்தான்.

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இதை நாடே பார்த்தது. விமானிகளின் பணிநேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. அவை முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது போதுமான விமானிகளைத் திட்டமிட்டு வைக்காததால் இண்டிகோவின் அட்டவணை குலைந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. களைத்த விமானியைப் பறக்கவிடக் கூடாது என்ற விதியில் தவறே கிடையாது. ரத்தானதற்கும் காரணம் இருந்தது. பொறுக்க முடியாமல் போனது வேறொன்று: பெட்டிகள் மலையாகக் குவிந்துகிடந்த கூடங்களில், ‘இன்று போகுமா, நாளை போகுமா’ என்ற எளிய கேள்விக்குக்கூட ஆயிரக்கணக்கானோருக்குப் பதில் கிடைக்கவில்லை.

முதல் சிங்கிள் கெட்டால்

விமானம் ஏன் தாமதமாகிறது என்பது நம் பகுதி ஆட்களுக்குப் புரியாத விஷயமல்ல. மினி பஸ் கண்டக்டரைக் கேட்டால் சொல்வார்: காலையில் முதல் சிங்கிள் (நடை) பத்து நிமிஷம் தள்ளிப் போனால் ராத்திரி கடைசி சிங்கிள் வரைக்கும் அது இழுக்கும். சிறு நகரங்களுக்கு வரும் ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானமும் அப்படித்தான். ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஓர் ஊரில் காலையில் விழுந்த தாமதம் மதியம் நம் ஊரில் வந்து இறங்கும்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நிற்கிற வண்டிக்கு வாடகை இல்லை, தவணை மட்டும் உண்டு. அதனால்தான் விமான நிறுவனங்கள் தரையில் நிற்கும் நேரத்தை அரை மணிக்குள் சுருக்கப் பார்க்கின்றன. அந்த அரை மணிக்குள் வந்தவர்கள் இறங்க வேண்டும், பெட்டி இறங்க வேண்டும், உள்ளே கூட்டிப் பெருக்க வேண்டும், எரிபொருள் நிரப்ப வேண்டும், புதியவர்கள் ஏற வேண்டும். ஒன்று பிசகினாலும் அடுத்த ஊருக்குத் தாமதம்.

ஆகவே தாமதத்தை அடியோடு ஒழித்துவிட முடியாது. ஆனால் அது முன்கூட்டியே தெரியும். மதியம் வரவேண்டிய விமானம் காலை ஒன்பது மணிக்கு எங்கே நிற்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியும், கோபுரத்துக்குத் தெரியும், டீ விற்கும் பையனுக்கும் தெரிந்திருக்கிறது. பயணியிடம் மட்டும் ‘அரை மணி’ என்கிறார்கள். அது கழிந்ததும் ‘இன்னும் அரை மணி’. தவணை முறையில் வரும் இந்த உண்மைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. முழுத் தாமதத்தையும் முதலிலேயே சொன்னால் பயணி பணத்தைத் திருப்பிக் கேட்பார். வேறு வழி பார்த்துப் போய்விடுவார்.

விதிகள் இல்லாமல் இல்லை. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலே சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். உரிய முன்னறிவிப்பு இல்லாமல், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள காரணத்தால் ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. நான் கேட்டபோது கவுன்டரில் இருந்தவர் இதை மறுக்கவில்லை. “மெயில் போடுங்க சார்” என்றார். அத்தைக்கு மெயில் கிடையாது.

சேலம் கற்றுக்கொடுத்த பாடம்

புதுச்சத்திரத்துக்கு மிக அருகில் உள்ள விமான நிலையம் ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிற சேலம் விமான நிலையம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இருந்தும் எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர், மலேசியா என்றால் திருச்சி. மற்ற ஊர்களுக்குக் கோவை அல்லது பெங்களூரு. பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி இங்கிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே போய் விமானம் ஏறுகிறவர்கள் வாசலில் இருப்பதை விட்டுவிட்டுப் போவது ஏன்?

சேலம் நிலையத்தின் வரலாற்றைப் பார்த்தால் புரியும். 1993-ல் திறந்தார்கள். பயணிகள் சேவை சிறிது காலம் நடந்து நின்றது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு விமானம் விட்டது, 2011-ல் நிறுத்தியது. சிறு ஊர்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் வந்தது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஒவ்வொரு முறையும் மாலை, மரியாதை, முதல் பயணிக்கு இனிப்பு. ஒவ்வொரு முறையும் நின்றபோது சத்தமில்லை.

இது சேலத்தின் தலையெழுத்து மட்டுமல்ல. உடான் திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி.யின் 2023 அறிக்கை சொல்லும் கணக்கு இது: முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் ஓடத் தொடங்கியவையே 371. அவற்றில் மானியம் கிடைக்கும் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. நூறு வழித்தடத்தைக் கொடுத்தால் ஏழுதான் தேறியிருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து ஓடுபாதை நீட்டிப்பு. சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். எழுபது சொச்சம் பேர் ஏறும் ஏ.டி.ஆருக்கு அது தாராளம். பெரிய ஜெட்டுக்கு நீளம் போதாது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓடுபாதை நீள்வது வெற்று வரைபடத்தில் அல்ல. காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் விளைகிற நிலத்தின் மேல். 2018-ல் விரிவாக்கத்துக்கு ஐந்நூறு ஏக்கருக்கு மேல் எடுக்க அளவைக்குப் போனபோது அந்த விவசாயிகள் எதிர்த்து நின்றதை மறந்துவிட முடியாது. அவர்களிடம் இன்னும் நிலம் கேட்பதற்கு முன், ஏற்கெனவே கொடுத்த நிலத்தை எவ்வளவு ஒழுங்காக நடத்தினோம் என்று அரசு கணக்குக் காட்ட வேண்டாமா?

ஒரு வழித்தடத்தை வாழவைப்பது பழக்கம். ‘சேலத்திலிருந்து போனால் போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று ஜவ்வரிசி ஆலைக்காரரும், கோழிப்பண்ணைக்குத் தடுப்பூசி விற்பவரும், சென்னை மருத்துவமனைக்கு அப்பாவை அழைத்துப் போகும் மகனும் யோசிக்காமல் டிக்கெட் எடுக்க வேண்டும். மூன்று முறை சேவை நின்று, நான்காம் முறை வந்திருக்கும்போது அந்த நம்பிக்கைதான் பெரிய மூலதனம். அது ஓடுபாதையின் நீளத்தால் வருவதில்லை. சொன்ன சொல் தவறாமல் நடப்பதால் வருகிறது; தவற நேர்ந்தால் உடனே சொல்வதால் வருகிறது.

வீட்டு வாசலில் தொடங்கும் நிலையம்

திருச்சியில் ஆயிரத்து நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, கோபுரச் சாயலில் புதிய முனையம் கட்டியிருக்கிறார்கள். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த அந்தக் கட்டடத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் சிங்கப்பூருக்குப் போகும் ஒரு பையனை வழியனுப்ப வேனில் பதினைந்து பேர் வந்து, கண்ணாடிக் கதவு வரை கூடவே நடந்து, அதற்கு மேல் போக முடியாமல் வெளியே நிற்பதைப் பாருங்கள். நைலான் கயிறு கட்டி, மார்க்கரில் பெயர் எழுதிய பெட்டியோடு அவன் உள்ளே போகிறான். பெட்டி எடை கூடிவிட்டதா, குடியேற்றச் சோதனை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள அம்மா கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பயணி அல்ல. ஆனால் அந்தப் பயணத்தின் பாதிச் சுமை அவர் தலையில்தான் இருக்கிறது.

நம் ஊர்ப் பயணிக்கு விமான நிலையம் கண்ணாடிக் கதவில் தொடங்குவதில்லை. புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் தொடங்குகிறது. விமானம் ரத்து என்ற செய்தி அவர் வீட்டில் இருக்கும்போது வந்தால், சேலத்துக்குப் போய் ரயிலோ சென்னை பஸ்ஸோ பிடிக்கலாம். ஓமலூர் தாண்டி வந்த பின் தெரிந்தால் கார் வாடகையும் போயிற்று, நாளும் போயிற்று. செய்தி ஒன்றேதான். வந்து சேரும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு தங்கமாகவும் இருக்கும், தவிடாகவும் இருக்கும்.

போக்குவரத்தும் அப்படியே. கர்நாடக அரசின் ‘ஃப்ளைபஸ்’ பெங்களூரு விமான நிலைய வாசலிலிருந்தே மைசூருக்குப் போகிறது. நமக்கோ சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தருமபுரி வண்டி, நெடுஞ்சாலையில் இறங்கி ஆட்டோ தேட வேண்டும். மூட்டை முடிச்சோடு முதியவர் ஒருவர் இதைச் செய்வாரா? கார்தான். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது கார் வாடகையில் கரைகிறது.

மொழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, தனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்றபோது, ‘நீங்கள் இந்தியரா’ என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டதாகச் சொன்னார். எம்.பி. என்பதால் அது செய்தியானது. அத்தைகளுக்கு நடந்தால் செய்தியில்லை. அவர்கள் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு அடுத்தவர் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். 2019-ல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையத்தின் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் எழுதப்பட்டதற்கே அங்கே சிலர் சண்டைக்கு வந்தார்கள். நம் ஊரில் பலகையில் தமிழ் இருக்கிறது. நெருக்கடியான நேரத்து ஒலிபெருக்கியிலும், நெய்யை எடுத்துவைக்கச் சொல்லும் வாயிலும்தான் அது தேவைப்படுகிறது.

பெயரிலேயே சத்திரம்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கரை எப்படி நடத்துவது என்பதில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், வருகிறவர்களுக்குச் சோறு போடுவதோடு நோயுற்றவர்களையும் பிரசவத்துக்கு இருக்கும் பெண்களையும் அங்கே கவனித்துக்கொள்வதை எடுத்துச் சொல்கிறார். வழியில் என்னென்ன நேரும் என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது.

சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். அந்த உயரத்தில்தான் சூட்சுமம். தலைச்சுமைக்காரர் அடுத்தவர் கைகொடுக்காமலேயே சுமையை அதன்மேல் தள்ளிவிடலாம். இளைப்பாறியபின் தானே தலைக்கு ஏற்றிக்கொண்டும் போகலாம். கல் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை நடந்துவருகிறவரின் களைப்புதான் தீர்மானித்திருக்கிறது. இதற்குமேல் ‘பயணி அனுபவம்’ என்று சொல்லித்தர எந்த நிர்வாகப் பாடமும் இல்லை.

இப்படி யோசித்துச் செய்த காரியங்கள் இன்றும் ஆங்காங்கே தெரிகின்றன. விமான நிலையத்தில் டீ விலை கேட்டு மயக்கம் வந்த காலத்தில், 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்து டீயும் தண்ணீரும் பத்து ரூபாய்க்குக் கொடுத்தார்கள். சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடித் தேங்காயைக் கையோடு விமானத்துக்குள் எடுத்துச்செல்ல, சோதனைகளுக்கு உட்பட்டு, 2024-ல் பருவகால அனுமதி தந்தார்கள். தரையிறங்கிய விமானத்தின் கடைசிப் பெட்டி அரை மணி நேரத்துக்குள் பெல்ட்டுக்கு வர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டார்கள். மூன்றுக்கும் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

சேலம் போன்ற சிறு நிலையம் இதில் பெரிய நிலையங்களுக்கே வழிகாட்டலாம். அங்கே ஒரு நேரத்தில் வருவது எழுபது பேர். முதல் காரியமாக, ஒவ்வொரு விமான நேரத்திலும் ‘பயணி மேலாளர்’ என்று ஒருவர் முனையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். எந்த அமைப்பின் சம்பளம் என்பது பயணிக்கு அவசியமில்லை. எல்லா அமைப்பிடமும் கேட்டு, ஒரே பதிலைத் தமிழில் சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும். விதிப்படி சேர வேண்டிய சாப்பாட்டை அங்கேயே வாங்கித்தரும் அதிகாரமும் வேண்டும். அடுத்து, வரவேண்டிய விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்பதைப் பயணி வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். கைப்பையில் எது போகாது என்பதும் அதிலேயே இருக்கட்டும். மூன்றாவது, விமான நேரத்தோடு சேர்த்துக் கட்டிய ஓர் அரசுப் பேருந்து: நாமக்கல், புதுச்சத்திரம், சேலம், காமலாபுரம். விமானம் தாமதமானால் அதுவும் காத்திருந்து கூட்டிவர வேண்டும். கடைசியாக, வாசலில் ஒரு கரும்பலகை. நேற்று எத்தனை விமானம் எவ்வளவு தாமதம், கடைசிப் பெட்டி எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று சாக்பீஸில் எழுதிப் போட்டாலும் போதும். ஊர் பார்க்க எழுதுகிற கணக்கு தானாகவே சீராகும்.

எழுபது பேருக்கு இத்தனை ஏற்பாடா, செலவுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள். சலுகைக் கட்டண இருக்கைகளுக்கு உடான் திட்டத்தில் அரசு ஏற்கெனவே மானியம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. மானியம் இருந்தபோதே பல வழித்தடங்கள் நின்றன; சலுகைக் காலத்தை முடித்தவற்றிலும் பாதிக்கு மேல் பிறகு நின்றுபோனதைத்தான் தணிக்கைக் கணக்கு காட்டுகிறது. அந்த மானியத்தில் ஒரு சிறு பங்கை, இருக்கையை நிரப்பும் நம்பிக்கைக்குச் செலவிடலாம்.

அத்தை பேத்தியின் குழந்தையைக் குளிப்பாட்டி, மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். விமான டிக்கெட் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து சேலம் வந்து, அங்கிருந்து நாமக்கல் பஸ் பிடித்து ஊரில் இறங்கினார். ரொம்ப நேரமாயிற்றே என்று கேட்டேன்.

“சேலத்துல பஸ்ஸு முக்கா மணி நேரம் லேட்டுதான் கண்ணு. டைம் கீப்பர் மொதல்லயே சொல்லிப்போட்டாரு. நான் போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்து உக்காந்துக்கிட்டேன்.”